அப்புச்சி கேட்ட கேள்வி

கொடுமுடியில அப்புச்சி வீட்டு டிஷ். மழை தூறுனா போதும், படம் கட்டம் கட்டமா உடையும். "ஏஞ்சாமி, சிக்னல் கோடு நெறையத்தான காட்டுது, அப்பறம் ஏன் இப்படி?"ன்னு கேட்டாரு. டிவி சிக்னல் வாங்கற கருவியை லினக்ஸ் கம்ப்யூட்டரோட பேச வைக்கற டிரைவர்ங்கற நிரலை எழுதற எனக்கு அது சுருக்குன்னு பட்டுது.

சிக்னலோட பலம் வேற, இரைச்சலை மிஞ்சி அது எவ்வளவு நிக்குதுங்கறது வேற. ஒயர்ல பூஸ்டர் போட்டா சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தேதான் ஏறும். லினக்ஸ்ல முன்ன இந்த அளவுக்கு வெறும் 16 பிட் எண் ஒண்ணு வரும்; அதுக்கு ஒவ்வொரு டிரைவர்லயும் ஒவ்வொரு அர்த்தம். 2013-ல வந்த 3.9 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்து மதிப்போட அளவுகோலும் கூடவே வருது: டெசிபல்னா 0.001 கணக்குல, இல்லைன்னா 0 முதல் 65535 வரை, இல்லைன்னா எண்ணிக்கை. 'கிடைக்கலை'ங்கறதும் ஒரு பதில். எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். அளக்க முடியாதப்ப 0 எழுதி வெச்சா அது பொய். 0 டெசிபல்ங்கறது நிஜமான ஒரு அளவு.

பிழையா வந்த பிட்டோட எண்ணிக்கையையும் மொத்த பிட்டோட எண்ணிக்கையையும் தனித்தனியா ஏறவிடணும். டிரைவரே வகுத்துத் தரக்கூடாது. அப்பத்தான் ரெண்டு செயலி வேற வேற நேரத்துல படிச்சாலும், அதது முன்ன படிச்ச எண்ணைக் கழிச்சுக்கும்.

அப்புச்சி வீட்டுல டிஷ்ஷுக்குக் குறுக்க வந்தது நனைஞ்ச தென்னை மட்டை. நேத்து மாமா ஏறி வெட்டிவிட்டாரு. இன்னைக்குத் தூறல்லயும் படம் நிக்குது.