இசைத்தட்டு விற்ற விமர்சகர்

விமர்சனத்துக்கென்று இலவசமாக வந்த இசைத்தட்டுகளைக் கொண்டுபோய் விற்றுக் காசாக்குகிறார் மேக்ஸ். இன்று மதியம் 'பிட்வீன் தி லைன்ஸ்' பார்க்கும்போது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

ராக் இசையைப் பற்றி ஊருக்கே தீர்ப்பு எழுதுகிறவர் அவர். கையில் செலவுக்குப் பணமில்லை. ஆனால் முகத்தில் துளி வெட்கம் வேண்டுமே! இளம் ஜெஃப் கோல்ட்ப்ளம் அப்படி நடித்திருக்கிறார்.

படம் வந்தது 1977-இல். இயக்கியவர் ஜோன் மிக்லின் சில்வர்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு மாற்றுப் பத்திரிகை, அதாவது பெரிய நாளிதழ்களின் போக்குக்கு எதிராக நடக்கும் சிறு இதழ். அறுபதுகளில் இளைஞர்கள் கிளப்பிய கலகம் ஓய்ந்துவிட்டது. பெரிய முதலாளி ஒருவர் அந்தப் பத்திரிகையை வாங்க வருகிறார். தனி நாயகன் கிடையாது. ஆளுக்கொரு காதல், ஆளுக்கொரு புலம்பல். அந்த அலுவலகம்தான் கதை.

திரைக்கதை எழுதிய ஃப்ரெட் பாரன், பாஸ்டனின் மாற்று வார இதழ்களில் வேலை பார்த்தவர். அந்த ஊரில் 1972-இல் ஒரு பத்திரிகை கைமாறியபோது, வெளியே தள்ளப்பட்டவர்கள் சேர்ந்து 'தி ரியல் பேப்பர்' என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார்கள். 'நிஜப் பத்திரிகை'யாம், என்ன குசும்பு!

படம் வெளிவந்த அதே 1977-இல்தான் நியூயார்க்கின் மாற்று வார இதழான 'வில்லேஜ் வாய்ஸ்' ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் கைக்குப் போனது.

படத்தில் எனக்குப் பிடித்தது, முதலாளியை அரக்கனாகக் காட்டாததுதான். அவர் வருவதற்கு முன்பே அங்கே பாதிப் பேர் சோர்ந்துபோயிருக்கிறார்கள். ஒருவர் புத்தகம் எழுதப் போகிறார், இன்னொருவர் பழம்பெருமை பேசுகிறார். மேக்ஸ் மட்டும் அடுத்த இசைத்தட்டுக்காகக் காத்திருக்கிறார்.