கோட்டைக்குப் பின்னால் ஒரு காளவாய்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கோடியில், நார்தம்பர்லாந்து கரையை ஒட்டியுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குக் கடல் வழிவிட்டால்தான் போக முடியும். சாலை நாளுக்கு இரண்டு முறை ஓதத்தில் மூழ்கிவிடுவதால், நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு காலையிலேயே தீவுக்குள் நுழைந்துவிட்டேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய துறவி மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, கரும்பாறை மேல் நிற்கும் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டையில் ஏறி இறங்கி, அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். கோட்டையைச் சுற்றிக் கிழக்கே போகும் புல்வழியில் சும்மா நடந்ததால், இன்னொரு கோட்டையைப் போலவே தோன்றிய அந்தக் கற்சுவரின் முன் போய் நின்றேன்.

அது சுண்ணாம்புக் காளவாய். நம் ஊர்களில் கிளிஞ்சல் சுட்ட சிறு காளவாய்களை மனத்தில் வைத்திருந்த எனக்கு, அதன் பருமனை நம்பச் சற்று நேரம் பிடித்தது. ஒரே கட்டடத்துக்குள் ஆறு சூளைக் குழிகள் உள்ளன. அவற்றின் அடிவாய்களுக்குப் போக, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய வளைவுப் பாதைகள் உள்ளே குடைந்து செல்கின்றன. 1860-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இதைக் கட்டியது. தீவின் வடபுறத்தில் வெட்டிய கல், குதிரைகள் இழுத்த தண்டவாள வண்டிகளில் இங்கே வந்தது. நான் நடந்து வந்த அந்தச் சமதளமான புல்வழியே அவ்வண்டிப் பாதையின் மிச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேலிருந்து கல்லையும் நிலக்கரியையும் மாறிமாறிக் கொட்டி, அடியிலிருந்து வெந்த சுண்ணாம்பை வாரி எடுத்துக்கொண்டே இருந்தால் நெருப்பு அணையாமல் எரியும். சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தூய சுண்ணாம்புக் கல் 100 டன் வெந்தால், கையில் மிஞ்சுவது 56 டன்தான்; மீதி 44 டன் கரியமில வாயுவாக வெளியேறிவிடும். காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளமான இடங்களில் தேங்கும். குளிர்காலத்தில் சூட்டுக்காகக் காளவாய் ஓரம் படுத்துறங்கிய வீடற்றவர்கள் மூச்சுமுட்டி இறந்த செய்திகள் பிரிட்டனின் பல ஊர்களில் உண்டு. வளைவுக்குள் நின்றபோது, இப்போது வெறும் ஈரக்கல் வாடைதான் அடிக்கிறது என்றாலும், எனக்கு அந்த நினைப்பே ஓடியது.

வேலை இதோடு முடிவதில்லை. நிலக்கரியோடு வந்த கப்பல்கள் சுட்ட சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டு திரும்பின. நம் வீடுகளில் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் பட்டதும் அது எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரக்கப்பலின் அடித்தளத்தில் கடல்நீர் கசிந்தால் அந்தச் சூட்டிலேயே கப்பல் தீப்பற்றக்கூடும். இவ்வளவு ஆபத்தும் பெரும்பாலும் வயலுக்காகவும் சுவருக்காகவும்தான்: அமிலம் மிகுந்து புளித்த மண்ணைச் சீராக்க உழவர்களுக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது, காரை குழைக்கக் கொத்தர்களுக்குத் தேவைப்பட்டது.

எரித்த கல்லின் கதை இன்னும் பழையது. அது 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடிப் படிவு. கடல் அல்லிகள் என்னும் உயிரினங்களின் தண்டுகள் அதில் துண்டுதுண்டாகப் புதைந்திருக்கின்றன. துளையிட்ட சிறு வட்டுகளைப் போலிருக்கும் அவற்றைக் கரையில் பொறுக்கியவர்கள், இத்தீவில் வாழ்ந்த துறவியின் பெயரால் புனித கத்பர்ட்டின் மணிகள் என்று அழைத்தார்கள். பக்தியோடு பொறுக்கிய அதே மணிகள் காளவாயிலும் எத்தனை வெந்தனவோ!

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே காளவாயின் நெருப்பு அணைந்துவிட்டது. இன்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இதைப் பராமரிக்கிறது. இந்தத் தீவின் அமைதியைத் தொன்மையானது என்று எழுதுகிறவர்கள், புகையும் வண்டிச் சத்தமும் நிறைந்த அந்த ஆண்டுகளை வசதியாக விட்டுவிடுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

கப்பல்கள் கட்டி நின்ற துறையில் இப்போது மிஞ்சியிருப்பவை, நீர் வற்றும்போது தெரியும் சில மரக்கட்டைகள் மட்டுமே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் ஏறி அவற்றின் அடி மறையத் தொடங்கியது. சாலையின் நினைவு வந்து, நடையை எட்டிப் போட்டேன்.