வெட்டாமல் விட்ட புல்

சிங்கப்பூரில் கோல்ஃப் மைதானப் புல்தரையைப் பராமரிப்பது என் வேலை. குழியைச் சுற்றியுள்ள புல் மூன்று மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது; பந்து தடங்கலின்றி உருள வேண்டும். உரத்தையும் மருந்தையும் விழுங்கும் நிலம் என்று பலர் குறை சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் குழிப்பரப்பு மொத்த நிலத்தில் சிறு பங்குதான். மீதியை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

அமெரிக்காவின் ஆடுபன் இன்டர்நேஷனல் அமைப்பு 1991 முதல் கோல்ஃப் மைதானங்களுக்குச் சுற்றுச்சூழல் சான்றிதழ்த் திட்டம் நடத்துகிறது. நீர், ரசாயனம், உயிரினங்களின் வாழிடம் எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். சான்றிதழைவிட அந்தக் குறிப்பேட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எழுதிவைக்க வேண்டும் என்றானதும், பழக்கத்தில் மருந்தடிக்கும் கை தயங்குகிறது.

படைப்புழு விழுந்தால் புல் சில நாட்களில் பழுப்பாகிவிடும். முன்பு ஒரு புழுவைக் கண்டாலே மொத்தப் பரப்புக்கும் மருந்து. இப்போது ஒரு சதுர மீட்டரை அளந்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரை ஊற்றுகிறோம். சில நிமிடங்களில் புழுக்கள் நெளிந்து மேலே வருகின்றன. எண்ணிப் பார்த்து, அளவு மிஞ்சினால் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி இதைப் பார்த்ததும், “அண்ணே, நாற்றங்காலில் அப்பா செய்வதும் இதுதான். தண்ணீர் கட்டுவார், புழு நுனிக்கு ஏறும், வாத்துகளை விடுவார்” என்றான். நெல் நாற்றைத் தின்னும் அதே படைப்புழுதான் இங்கும். வாத்துக்குப் பதில் மைனாக்கள். வாளியைக் கண்டாலே கூடிவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் குளக்கரை. கரையோரம் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு இயந்திரம் போவதில்லை. மழையில் அடித்து வரும் உரத்தைக் கோரையும் சம்பும் உறிஞ்சிக்கொள்வதால் பாசி குறைந்திருக்கிறது. முதலில் தும்பிகள் வந்தன, பிறகு மீன்கொத்தி, நீருடும்பு. பட்டுப்போன மரத்தையும், ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால், வெட்டுவதில்லை. மரங்கொத்திக்கு அது வீடு.

செப்டம்பர் வாக்கில் வடக்கே சைபீரியப் பக்கமிருந்து பொன்னிற உப்புக்கொத்திப் பறவைகள் வந்து இறங்குகின்றன. அவற்றுக்குத் திறந்த குட்டைப்புல்தான் வேண்டும். எனவே வெட்டிய புல்லும் வாழிடமே, அதில் இரை மிச்சமிருந்தால்.

இந்தத் தீவில் கோல்ஃப் நிலம் நிரந்தரமல்ல. கெப்பல் கிளப்பின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் திட்டமிடப்பட்டுள்ளன. உயிரினங்கள் கடந்துபோகப் பசுமை வழித்தடங்களும் திட்டத்தில் உண்டு. அந்த வழியில் நடமாட உயிர்கள் மிஞ்சியிருக்க வேண்டுமானால், நிலம் கைமாறுவதற்கு முன்பே பராமரிப்பவர்கள் எதையாவது விட்டுவைத்திருக்க வேண்டும்.

இன்னொரு குளத்தின் கரையையும் வெட்டாமல் விட அனுமதி கேட்டிருக்கிறோம். பந்து புதரில் தொலைகிறது என்பது உறுப்பினர்கள் சிலரின் மனக்குறை. கோரையின் நடுவே பந்தெடுக்க ஒரு நடைபாதை விடலாம் என்று வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.