மலை மாதா கோயிலில் ஒரு பேரரசர்

கேபிள் கார் பெட்டி கடற்கரையை விட்டு எழும்பியதுமே அம்மா கண்ணை மூடிச் செபமாலையை உருட்டத் தொடங்கிவிட்டாள். காலுக்குக் கீழே ஃபுன்ஷால் நகரத்தின் ஓட்டுக் கூரைகளும், வீட்டுக்கு வீடு பின்கட்டில் நிற்கிற வாழைகளும் சிறுத்துக்கொண்டே போயின. "கண்ணத் திறந்து பாரும்மா, கடல் எப்படி இருக்குன்னு" என்றாள் தங்கச்சி. "தூத்துக்குடியில நான் பாக்காத கடலா?" என்று அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

தங்கச்சி லிஸ்பனில் நர்ஸ். மூன்று மாதம் அவளோடு இருக்க அம்மா வந்திருந்தாள்; அழைத்துப்போக நான் வந்தேன். பாத்திமா மாதாவைப் பார்த்தாயிற்று. ஊர் திரும்புவதற்கு முன் மதெய்ரா தீவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். அட்லாண்டிக் நடுவில் இருக்கிற போர்த்துக்கீசியத் தீவு அது. அங்கே மோண்ட் என்கிற மலையூரின் மாதா கோயிலில் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் அடக்கமாகியிருக்கிறார். 2004 அக்டோபர் 3 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்.

என் அடத்துக்குக் காரணம் வேறு. சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக வியன்னா போனபோது கப்பூச்சின் துறவிகள் கோயிலின் நிலவறைக்குள் இறங்கினேன். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சமே அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறது. மரியா தெரேசாவின் பேழை ஒரு சின்ன வீடு மாதிரி, சிலையும் சிற்பமுமாக. அதையெல்லாம் தாண்டிப் போனால் கடைசிப் பேரரசி சீத்தாவின் பேழை, ஒரு அலங்காரமும் இல்லாமல். பக்கத்தில் கணவர் கார்ல் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய மார்பளவுச் சிலை மட்டும். ஆள் எங்கே என்று கேட்டேன். மதெய்ரா என்றார்கள். அன்று மனதில் விழுந்த முடிச்சு.

மேலே இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போகவில்லை. மதியத்துக்குள் மூடுபனி இறங்கிவிடும், முதலில் தெரைரோ த லூத்தா பார்த்துவிடுங்கள் என்றார் டாக்ஸிக்காரர். மோண்ட்டுக்கும் மேலே உள்ள இடம் அது. ஆடு மேய்த்த ஒரு சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாக ஊரார் சொல்லும் இடம். இப்போது அங்கே சமாதான மாதாவின் வெண்சிலை கடலைப் பார்த்து நிற்கிறது.

அந்தச் சிலையின் காலைச் சுற்றி ஒரு செபமாலை கிடக்கிறது. ஒரு மணி ஒரு ஆள் தூக்கமுடியாத கல். கோத்திருப்பது நங்கூரச் சங்கிலி. அம்மா குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நங்கூரச் சங்கிலி அவளுக்குப் புதிதல்ல. "கப்பல் சங்கிலியில்லா இது?" என்றாள். ஆமாம், மூழ்கிய கப்பல்களின் சங்கிலி. முதல் உலகப்போரின்போது, 1916 டிசம்பர் 3 அன்று, ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஃபுன்ஷால் துறைமுகத்துக்குள் வந்து மூன்று கப்பல்களை மூழ்கடித்தது. ஊரின்மேலும் குண்டு விழுந்தது. சண்டை ஓய்ந்தால் மாதாவுக்குச் சிலை எழுப்புகிறோம் என்று மோண்ட் பங்கின் சாமியார் மக்களோடு நேர்ந்துகொண்டார். 1927-இல் நேர்ச்சை நிறைவேறியது. மூழ்கிய கப்பல்களின் சங்கிலியையே மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்து மாதாவின் காலடியில் செபமாலையாகப் போட்டார்கள்.

அந்தக் குண்டு விழுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், 1916 நவம்பர் 21 அன்று, ஜெர்மனியின் கூட்டாளியான ஆஸ்திரியாவில் இருபத்தொன்பது வயது கார்ல் பேரரசராகியிருந்தார். போர்த்துகலும் ஆஸ்திரியாவும் அப்போது எதிரி நாடுகள். அந்த எதிரிப் பேரரசரைத்தான் அடுத்த ஆறு வருடத்துக்குள் இதே மலைக்காரர்கள் தங்கள் மாதா கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா சங்கிலியிலிருந்து கையை எடுத்தாள். "செத்தவன்கிட்ட என்ன பகை" என்றாள்.

கோயிலுக்கு 74 படி. கறுப்புக் கல் விளிம்பு, வெள்ளைச் சுவர், இரட்டைக் கோபுரம். ஆகஸ்ட் 15 விண்ணேற்புப் பெருவிழாவில் இந்தப் படிகளில் முழங்காலால் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. தங்கச்சி குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைத்ததற்காக வேளாங்கண்ணி மணலில் முழங்காலில் நடந்தவள் அம்மா. எழுபத்துநாலு வயதில் இந்தப் படிகளை அவள் பார்த்த பார்வையில் பயம் இல்லை, கணக்கு இருந்தது. பத்துப் படிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே என்று நின்று நின்று ஏறினாள். கீழே வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியுமாகப் பிரம்பு வண்டிக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். சக்கரமில்லாத அந்த வண்டிகளில் ஆளை உட்காரவைத்துத் தார்ச்சாலையில் சறுக்கிக்கொண்டே இறக்கிவிடுவார்கள். தங்கச்சிக்கு அதில் ஒரு கண்.

உள்ளே மாதா சுரூபம் மிகச் சிறியது. நடுப்பீடத்தின் வெள்ளி வேலைப்பாட்டுக்கு மேலே, தேடித்தான் பார்க்கவேண்டும். 1470 வாக்கில் இங்கே முதல் சிற்றாலயம் கட்டியவர், இந்தத் தீவில் பிறந்த முதல் ஆண்பிள்ளை. பெயர் ஆதாம், கூடப் பிறந்த பெண்பிள்ளை ஏவாள். ஆளில்லாத தீவில் குடியேறியவர்கள் பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! இப்போதுள்ள கோயில் 1741-இல் தொடங்கி, 1748 நிலநடுக்கத்தில் அடிபட்டு, 1818-இல் மந்திரிக்கப்பட்டது.

இடப்பக்கச் சிற்றாலயத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது பேழை. கறுத்த நிறம். சுற்றிலும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன நாடாக்கள்: சிவப்பு வெள்ளை சிவப்பு, சிவப்பு வெள்ளை பச்சை. வேறு ஆடம்பரம் இல்லை. வியன்னா நிலவறையை மனதில் வைத்துக்கொண்டு வந்த எனக்கே ஒரு நிமிடம் இதுவா என்றிருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "பொண்டாட்டி எங்கய்யா?"

பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கதையைச் சொன்னேன்.

1918 நவம்பர் 11-இல் கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். முடியைத் துறப்பதாக மட்டும் கடைசிவரை எழுதிக் கொடுக்கவில்லை. 1921-இல் இரண்டு முறை ஹங்கேரிக்குத் திரும்பி அரியணையை மீட்கப் பார்த்தார். இரண்டும் தோல்வி. நேச நாடுகள் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றி அந்த நவம்பர் 19-இல் அவரையும் சீத்தாவையும் இங்கே இறக்கின. முதலில் கடலோரத்தில் ரீட்ஸ் ஹோட்டலை ஒட்டிய வில்லாவில் இருந்தார்கள். நம்பிக் கொடுத்த நகைகள் திரும்ப வரவில்லை, வாடகைக்கு வழியில்லை. மச்சாடோ என்கிற உள்ளூர் வங்கிக் குடும்பம் மோண்ட்டில் இருந்த தங்கள் கோடைவீட்டை வாடகை வாங்காமல் கொடுத்தது.

"மச்சாடோவா? நம்ம ஆளுக பேரு!" என்றாள் அம்மா. முத்துக்குளித்துறையில் எங்கள் முன்னோர் 1530-களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் வாங்கியபோது வாங்கிய பெயர்கள்தான் பர்னாந்து, ரோச், மச்சாடோ எல்லாம். இங்கே கடைப் பலகைகளில் அந்தப் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரர் கடை என்று அம்மா உள்ளே போகப் பார்ப்பாள்.

கோடைவீடு கோடைக்குத்தான் ஆகும். கடலோரத்தில் வெயில் அடிக்கும்போதும் மோண்ட்டை மூடுபனி மூடிக்கிடக்கும், சுவரெல்லாம் ஈரம். 1922 மார்ச் 9 அன்று, மறுநாள் நாலு வயது முடியப்போகிற மகன் கார்ல் லுட்விக்குக்கு விளையாட்டுச் சாமான் வாங்க நடந்தே நகரத்துக்கு இறங்கினார் அப்பா. திரும்பி ஏறும்போது குளிர் பிடித்துக்கொண்டது. டாக்டருக்குக் காசு வேண்டுமே என்று பல நாள் கூப்பிடவில்லை. சளிக்காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியது. ஏப்ரல் 1 மதியம், சீத்தாவின் மேல் சாய்ந்தபடி, இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர் பிரிந்தது. முப்பத்துநாலு வயது. ஒரு கத்தோலிக்கன் எப்படிச் சாகவேண்டும் என்று தெரியட்டும் என்பதற்காக ஒன்பது வயது மூத்தமகன் ஓட்டோவைக் கட்டிலருகே அழைத்திருந்தாராம். சவப்பெட்டியைக் கை வண்டியில் வைத்து இந்தக் கோயிலுக்கு இழுத்துவந்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு அப்ப என்ன வயசு?" சீத்தாவைத்தான் கேட்டாள். இருபத்தொன்பது, ஏழு பிள்ளைகள், எட்டாவது வயிற்றில் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்தாறு. எனக்குப் பதினொன்று, தங்கச்சிக்கு ஆறு.

இவரிடம் வேண்டிக்கொள்ளத்தான் வேண்டுமா என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்ததை மறைக்கப்போவதில்லை. 1917 இலையுதிர்காலத்தில் இத்தாலிய முனையில் ஜெர்மன் படையும் இவருடைய படையும் சேர்ந்து நடத்திய தாக்குதலில் நச்சுவாயு பயன்பட்டது. அருளாளர் பட்டத்தின்போது அது பெரிதாகப் பேசப்பட்டது. அதே வருடம் இவர் சீத்தாவின் அண்ணன் வழியாக பிரான்சோடு ரகசியமாகக் கடிதம் எழுதிச் சமாதானம் பேசினார் என்பதும் உண்மை. 1918-இல் அது வெளிப்பட்டபோது கடிதத்தை மறுத்தார் என்பதும் உண்மை. போரை நிறுத்த முயன்ற அரசர் என்கிற படத்தை மட்டும் வைத்துக் கும்பிட என்னால் முடியவில்லை. ஆனால் மேலே அந்தச் சங்கிலியைத் தொட்டுவிட்டு வந்தபின், குண்டு வாங்கிய ஊரே இவரைச் சுமந்து இங்கே வைத்தபின், கம்பிக்கு வெளியே நின்று கணக்குக் கேட்கவும் வாய் வரவில்லை. அவருக்காகவே ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னேன். அது போதுமென்று பட்டது.

அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பட்டத்துக்குத் திருச்சபை ஏற்றுக்கொண்ட புதுமை, அதாவது அற்புதம், எது என்று கேட்டாள். பிரேசிலில் ஊழியம் செய்த ஒரு போலந்துக் கன்னியாஸ்திரிக்கு, நரம்பு புடைத்து ஆறாமல் கிடந்த கால் 1960-இல் குணமானது என்றேன். "கால் வலியா!" எழுந்து மறுபடி கம்பியருகே போய்விட்டாள். இடது முழங்காலைத் தடவியபடி இரண்டு நிமிடம் பேசினாள். யாரிடம் எதைக் கேட்பது என்பதில் அவள் எப்போதும் தெளிவு.

திரும்பி வந்து, "அவ எங்கன்னு நீ இன்னும் சொல்லலியே" என்றாள்.

அதுதான் எனக்குச் சொல்ல ஆசையாக இருந்த பகுதி. சீத்தா அதற்குப்பின் கறுப்புத் துணியை மாற்றவே இல்லை. அறுபத்தேழு வருடம். 1989-இல் தொண்ணூற்றாறு வயதில் போய், ஏப்ரல் 1 அன்று, கணவர் இறந்த அதே தேதியில், வியன்னாவில் அடக்கம். அந்த நிலவறைக் கோயிலில் ஒரு சடங்கு உண்டு. மூடிய கதவைத் தட்டுவார்கள். யார் என்று உள்ளேயிருந்து துறவி கேட்பார். ஆஸ்திரியாவின் பேரரசி, ஹங்கேரியின் ராணி என்று பட்டங்களை அடுக்குவார்கள். எங்களுக்கு அவரைத் தெரியாது என்று பதில் வரும். மறுபடி தட்டுவார்கள். மறுபடியும் தெரியாது. மூன்றாவது முறை, சாவுக்கு உட்பட்ட பாவியான சீத்தா என்று சொன்னதும்தான் கதவு திறக்கும்.

"இவருக்கு அங்க தட்ட ஆளில்ல" என்றாள் தங்கச்சி. கார்லை வியன்னாவுக்குக் கொண்டுபோகவேண்டும் என்ற பேச்சு வந்தது உண்டு. ஆனால் அவர் இங்கேயேதான் இருக்கிறார். இரண்டு பேருடைய இதயங்கள் மட்டும் ஸ்விட்சர்லாந்தில், மூரி மடத்துச் சிற்றாலயத்தில் ஒன்றாக இருக்கின்றன. அம்மா மூக்கில் விரலை வைத்தாள். "உடம்பு ஒரு ஊரு, நெஞ்சு ஒரு ஊரா? பெரிய இடத்துச் சங்கதி."

கிளம்பும் நேரத்தில் பூசைக்குக் கொடுக்கணும் என்றாள். பீடத்துக்குப் பின்னறையில் ஒரு பெரியவர் நோட்டோடு இருந்தார். தங்கச்சி போர்த்துக்கீசியத்தில் பேசினாள். எங்கள் குடும்பப்பெயர் கேட்டார். ஃபெர்னாண்டோ என்றதும் சிரித்துவிட்டார், அது இங்கே ஆளுக்கு வைக்கிற பெயராயிற்றே என்று. இறந்தவர் பெயர்? அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டார். "இன்னொண்ணு, சீத்தா" என்றாள். பெரியவர் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். குடும்பப்பெயர்?

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஹாப்ஸ்பர்க் என்பதா, பிறந்த வீட்டின் பெயரைச் சொல்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா சீத்தான்னு எழுதச் சொல்லு" என்றாள் அம்மா. "மாதாவுக்குத் தெரியும்."

வெளியே வந்தபோது டாக்ஸிக்காரர் சொன்ன மூடுபனி படிகளில் பாதிவரை இறங்கியிருந்தது. கீழே வண்டிக்காரர்களின் தொப்பி மட்டும் தெரிந்தது.