பச்சைத் துணிக்கு வேறு லைட், ஆளுக்கு வேறு லைட்

மீடியா டிப்ளோமாவின் கடைசி வருடத்தில் எங்களுக்கு ஒரு குரோமா கீ வீடியோவும், அதாவது பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்து, எடிட்டில் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைக்கும் வீடியோவும், அதைப் பற்றிய வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையும் கட்டாயம். ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கிற அளவுக்கு எங்கள் மூன்று பேரிடமும் காசில்லை, அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் நண்பி வீட்டு மேல்மாடி ஹோலில் எடுத்தோம். இந்த முறை செய்யப்போகிற தம்பி, தங்கச்சிமாருக்காக நாங்கள் பிழை விட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி வாங்கப் போனால் மினுங்கும் சாட்டின் பக்கம் போகவேண்டாம். மங்கலான பருத்தித் துணி, அகலம் கூடியதாக, நடுவில் தையல் வராமல் பாருங்கள். எடுக்கும் நாளன்று அயன் பண்ணி, கயிற்றில் கிளிப் போட்டு இழுத்துக் கட்டி, கீழ் விளிம்பில் தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிடுங்கள். ஒரு சுருக்கத்துக்கு வெளிச்சமான பக்கமும் இருட்டான பக்கமும் இருக்கும், பச்சையை நீக்கும் கீயருக்கு அது இரண்டு பச்சை.

முதல் தடவை நண்பியைத் துணியிலிருந்து இரண்டடியில் நிறுத்தி, ஒரே லைட்டை இரண்டுக்கும் அடித்தோம். எடிட்டில் பார்த்தால் தாடைக்குக் கீழேயும் வெள்ளைச் சட்டையின் தோளிலும் பச்சை படிந்திருந்தது, கீ போட்டதும் அந்த இடங்கள் ஓட்டையாகிவிட்டன. சரிப்படுத்த இரண்டு இரவு போராடினோம். துணியில் பட்ட வெளிச்சம் தெறித்து ஆளின் மேல் விழுந்திருக்கிறது, அதை எடுக்கும்போதுதான் தடுக்கவேண்டும், பிறகு அழிக்கப் பார்த்தால் தோலின் நிறமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த தடவை துணிக்கும் ஆளுக்கும் இடையில் ஏழடி விட்டோம். ஹோல் சின்னது, ஆனால் மூலைக்கு மூலை வைத்தால் நீளம் கிடைக்கிறது. துணி ஃபிரேம் முழுக்க நிரம்பவேண்டும் என்றும் இல்லை, ஆளின் உடம்புக்கும் ஆட்டும் கைக்கும் பின்னால் இருந்தால் போதும், மிச்சத்தை எடிட்டில் மாஸ்க் போட்டு, அதாவது கோடு வரைந்து, வெட்டலாம்.

துணிக்கென்று நான்கு 9 வாட் எல்ஈடி பல்ப், பக்கத்துக்கு இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பலகையில் ஹோல்டர் அடித்து வைத்தோம். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும், கலந்து வாங்கினால் நிறம் மாறும். முகத்துக்கு இரவல் வாங்கிய எல்ஈடி பெனல், அதன் முன்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு, மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு ரெஜிபோம் துண்டு. இதற்கப்புறம் வெறும் துணியை மட்டும் ஒரு ஷொட் எடுத்து டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு, படத்தின் வெளிச்ச அளவை இடமிருந்து வலமாகக் கோடாகக் காட்டும் வேவ்ஃபோர்மைத் திறந்து பாருங்கள். எங்களுடையது நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது, ஓரங்களில் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். பல்ப்களை ஓரடி ஓரடியாகப் பின்னுக்கு இழுக்க இழுக்க அந்தக் கோடு நிமிர்ந்து மெல்லியதாக வந்தது. இதற்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் போனது, ஆனால் பிறகு கீ இரண்டு கிளிக்கில் முடிந்தது. துணி முகத்தைவிடப் பிரகாசமாகவும் இருக்கக்கூடாது.

பகலில் மேகம் வந்து போக வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே இரவு ஏழுக்குப் பிறகு எடுத்தோம். ஃபேனை நிறுத்தவேண்டும், துணி அலையும், முடி பறக்கும். வியர்வைக்குத் துவாயும் பவுடரும் பக்கத்தில் இருக்கட்டும், நெற்றி மினுங்கினால் படத்தில் பளிச்சென்று தெரியும். கரையோர ரயில் போகும்போது பொறுத்திருங்கள். உடுப்பையும் முதலே பாருங்கள். நண்பி கட்டிவந்த மாம்பழ நிறச் சேலையின் கரையில் மெல்லிய கிளிப்பச்சைக் கோடு ஒன்று இருந்தது, சோதனை ஷொட்டில் அந்தக் கோடு வழியாகப் பின்னணி தெரிந்தது.

கமரா ஃபோன்தான். எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் லொக் பண்ணுங்கள், ஐஎஸ்ஓ (சென்சரின் வெளிச்ச உணர்திறன்) குறைவாக இருக்கட்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. கையாட்டிப் பேசுகிறவர் என்றால் 1/100 நல்லது, விரல் ஓரங்கள் கலங்காது.

வைவாவில் முதல் கேள்வி, ஏன் பச்சை? 1976இல் கொடக் கம்பனியின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வடிவத்தில்தான் பெரும்பாலான கமரா சென்சர்கள் இருக்கின்றன, அதில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. பச்சை பற்றிய தகவல் அதிகம், நோய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிக் குழப்பம்) குறைவு. அப்புறம் காதோரத்து முடியை ஸூம் பண்ணிக் காட்டி, ஃபோனில் எடுத்தும் இது எப்படிச் சுத்தமாக வந்தது என்று கேட்டார்கள். சாதாரணமாக ஃபோன் 4:2:0 முறையில் பதிகிறது, நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான். அதனால் 4கேயில் எடுத்து, கீ போட்டு, நான்கு பிக்சல் ஒன்றாகும்படி 1080க்குக் குறைத்துக் கொடுத்தோம் என்றோம். மூல ஃபைலை லெப்டொப்பில் வைத்திருந்ததால் அங்கேயே திறந்து காட்டவும் முடிந்தது, நீங்களும் அதை அழிக்காமல் கொண்டு போங்கள்.