சின்னச் சைட்டுகளைக் கூகுள் ஏன் கண்டுகொள்வதில்லை

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை, கல்முனையில் ஒரு ரியூசன் நிலையம், பாசிக்குடாவில் ஒரு விடுதி, ஊர்க் கோயில் பரிபாலன சபை. இருபது முப்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடும் இப்படியான சைட்டுகளுக்கு முறைப்பாடு ஒன்றுதான்: “கூகுள்ல வருகுதில்ல.” அதற்குள் இரண்டு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. கூகுளின் இன்டெக்ஸில், அதாவது அதன் தேடல் பட்டியலில், பக்கமே சேராதது ஒன்று. சேர்ந்தும் பின்னால் கிடப்பது மற்றது. முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதற்குக் காசு கொடுப்பவர்கள்தான் அதிகம்.

பார்க்க வேண்டிய இடம் கூகுளின் சேர்ச் கொன்சோல்: தேடலில் சைட் எப்படி நிற்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கருவி. காசு இல்லை. டொமைன் (சைட்டின் பெயர்) முழுவதையும் சேர்ப்பதென்றால் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பதிவேட்டில், டிஎக்ஸ்டி (TXT) என்ற ஒரு பதிவு போட வேண்டும். இங்கே பலர் தடுக்குவது, பதிவைத் தவறான இடத்தில் போடுவதால். டொமைன் வாங்கியது ஓரிடம், நேம்சேர்வர் (அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று சொல்வது) காட்டுவது வேறிடம் என்றால் பதிவு போக வேண்டியது நேம்சேர்வர் காட்டும் இடத்துக்கு. இன்னொன்று: உரிமையாளராகச் சேர வேண்டியது கடையின் அல்லது சபையின் சொந்த ஜிமெயில், சைட் செய்து தந்த தம்பியின் ஜிமெயில் அல்ல. அவர் கட்டாருக்குப் போனதும் எல்லாக் கதவும் பூட்டிவிடும்.

ஒரு பக்கம்கூடச் சேரவில்லை, சைட் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால் முதலில் அதன் ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ரீடிங்’ போய்ப் பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற பெட்டியில், சைட் கட்டும்போது போட்ட சரி அப்படியே இருக்கும். அடுத்தது ரோபோட்ஸ் கோப்பு: தேடுபொறி எந்தப் பக்கங்களை வாசிக்கலாம் என்று சொல்வது. ரோபோட்ஸில் தடுப்பது வாசிப்பதைத்தான் தடுக்கும், இன்டெக்ஸில் சேர்வதை அல்ல. ஒரு பக்கம் தேடலில் வரவே கூடாதென்றால் நோஇன்டெக்ஸ் (சேர்க்க வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதும் குறிப்பு) போட்டு, ரோபோட்ஸ் தடையை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கூகுளால் அந்த நோஇன்டெக்ஸை வாசிக்கவே முடியாது.

இனி, நம்மூர்ச் சைட்டுகளுக்கே உரிய பிரச்சினை: பாமினி. அச்சகத்தில் பேஜ்மேக்கரில் அடித்த மலர், அறிக்கை, விலைப்பட்டியல் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே சைட்டில் ஒட்டி எழுத்துருவையும் ஏற்றிவிட்டால் கண்ணுக்குத் தமிழ்தான். அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். கூகுள் வாசிப்பது அடியில் இருப்பதை. சோதிக்க ஒரு பந்தியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யுனிகோட் (எல்லாக் கணினியும் அறியும் பொதுக் குறிமுறை), குப்பையாக வந்தால் பாமினி. பிடிஎஃப் கோப்புகளையும் இப்படியே சோதிக்கலாம்.

மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆனால் மாற்றியபின் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும். ஒன்று, பந்திக்குள் கிடந்த மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும். கருவி அவற்றையும் பாமினி என்று நினைத்து அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இரண்டு, ரகரமும் அரவும் இடம் மாறியிருப்பது. ‘ர’வும் ‘ா’வும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை வேறு.

மூன்றாவதுதான் பெரியது: ‘ஔ’காரம். ‘மௌலவி’யில் வருவது ஒரே குறி. பல இடங்களில் அது ஒற்றைக்கொம்பும் ‘ள’வுமாகப் பிரிந்து கிடக்கும். சரி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்று ‘எல்லாம் மாற்று’ அழுத்தினால் ‘வெள்ளம்’, ‘வெளியீடு’, ‘வெள்ளிக்கிழமை’ எல்லாம் கெட்டுப்போகும். அவற்றில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன. ‘வௌியீடு’ என்று கொம்பு சிதைந்து நிற்கும் தலைப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆகவே ‘மெள’, ‘கெள’, ‘பெள’ என்று தனித்தனியாகத் தேடி, ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்த வேண்டும். ‘கெளுத்தி’ வந்தால் விட்டுவிடுங்கள், அது மீன். கூகுள் இந்தப் பிழைகளைச் சில நேரம் ஊகித்துக்கொள்ளும். உங்கள் சைட்டுக்குள் இருக்கும் தேடல் பெட்டி ஊகிக்காது.

போஸ்டராக மட்டும் போடும் அறிவித்தல்களுக்கும் இதே கதி. வகுப்பு நேரசூசி ஒரு படமாக ஏறியிருந்தால், படத்துக்குக் கீழே பாடம், தரம், நாள், நேரம், இடம் என்று எழுத்தில் அடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. சும்மா கிடைக்கும் பலன்களில் இதைவிடப் பெரியது இல்லை.

பக்க முகவரியைத் தமிழில் வைப்பதா ஆங்கில எழுத்தில் வைப்பதா? தரவரிசைக்கு இதனால் பெரிய வேறுபாடு கிடையாது. சிக்கல் வேறு. முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லில் புள்ளிகளையும் உகரக் குறியையும் சேர்த்து 12 குறிகள். ஆகவே 108 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை 200 எழுத்தோடு வெட்டிவிடுகிறது. இரண்டாவது சொல் அரைவாசியில் அறுந்து நிற்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு முழத்துக்குச் சதவீதக் குறிகள் போகும். புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்கள் போதும். பழையவற்றை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் ‘போஸ்ட்’டின் முகவரியை மாற்றினால் பழைய முகவரி தானாகவே புதியதற்குத் திருப்பிவிடும். ‘பேஜ்’ஜுக்கு அந்த வசதி இல்லை, 301 திருப்பலை (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) நீங்கள்தான் போட வேண்டும். போட்டதைக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவையுங்கள்.

தலைப்புக்கு வருவோம். ‘முகப்பு | அன்புடன் வரவேற்கிறோம்’ என்ற தலைப்பைத் தேடி ஒருவரும் வரமாட்டார். ‘மருதமுனை கைத்தறிச் சாரன்: அளவு, விலை’ என்றால் வருவார். தலைப்பு எவ்வளவு தெரியும் என்பது எழுத்தின் எண்ணிக்கையில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து அகலம் கூடியது. முக்கிய சொற்களை முன்னால் வையுங்கள், கடையின் பெயர் பின்னால் வரட்டும். தேடலில் தலைப்புக்குக் கீழே வரும் விபரிப்பு வரி தரவரிசையை மாற்றாது, கிளிக்கை மாற்றும். கீவேர்ட்ஸ் மெட்டாவை (பக்கத்துக்குள் மறைவாக எழுதும் சொற்பட்டியல்) தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. இன்றும் அதைப் பொதியில் ஒரு வரியாகப் போட்டுக் காசு வாங்குகிறார்கள்.

அறுகம்பை, பாசிக்குடா விடுதிகளுக்கு ஆங்கிலப் பக்கம் கட்டாயம். ஆனால் ஒரே பக்கத்தில் பந்திக்குப் பந்தி மொழி மாற்றிக் கலக்க வேண்டாம். மொழிக்கொரு பக்கம்; ஒவ்வொன்றிலும் தன்னையும் மற்றதையும் காட்டும் ஹெச்ரெஃப்லாங் வரிகள் (எந்த மொழிக்கு எந்தப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்பவை). ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் காட்டாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. தானாக மொழிபெயர்க்கும் செருகியை நம்பி நூறு பக்கம் உருவாக்குவது ஸ்பாம் என்ற பட்டியலுக்குள் போய்ச் சேரக்கூடும்.

புதிதாக எழுதுவதைவிட, ஏற்கனவே இருக்கும் பக்கத்தைத் திருத்துவதில் பலன் கூட. சேர்ச் கொன்சோலின் பெர்ஃபோமன்ஸ் அறிக்கையில் சராசரி இடம் 8இலிருந்து 20க்குள் நிற்கும் பக்கங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் சொடுக்கி எந்தச் சொற்களுக்குத் தென்பட்டது என்று பாருங்கள். அந்தச் சொல் பக்கத்தில் எங்குமே இல்லை என்பது அடிக்கடி நடக்கும். அதற்குப் பதில் சொல்லும் ஒரு பந்தியைச் சேருங்கள், திகதியைக் குறித்து வையுங்கள், நாலு கிழமை விடுங்கள். இடையில் வேறொன்றைத் தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். விடுதி சைட் என்றால் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். கிழக்குக் கரைக்கு ஆள் வருவது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, மாரி தொடங்கியதும் தேடலும் விழும். போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். 16 மாதத் தரவு அங்கே இருக்கும்.

வருடாவருடம் வரும் விடயங்களுக்கு வருடத்துக்கொரு முகவரி வேண்டாம். மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஒரே நிரந்தரப் பக்கம் வைத்து, திகதியையும் நிகழ்ச்சி நிரலையும் ஆண்டுதோறும் மாற்றுங்கள். பழைய படங்கள் வேறு பக்கத்துக்குப் போகட்டும். அதே நேரம், உள்ளடக்கத்தைத் தொடாமல் திகதியை மட்டும் புதிதாக்குவது வெறும் வேஷம்.

வருடத்துக்கு இரண்டு தரம் எல்லாப் பக்கத்தையும் ஒரு எக்செல் தாளில் இறக்குங்கள்: முகவரி, கடைசியாகத் திருத்திய நாள், 12 மாதக் கிளிக், முடிவு. முடிவு நான்கில் ஒன்று: விடுவது, திருத்துவது, சேர்ப்பது, அழிப்பது. இரண்டை ஒன்றாக்கினால் பழையதிலிருந்து 301. அழித்ததை 404 (பக்கம் இல்லை என்ற பதில்) ஆகவே விடலாம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை மென் 404 (404 என்று சொல்லாவிட்டாலும் இல்லாத பக்கம்) என்றே எடுத்துக்கொள்ளும். ‘வாசித்தோம், சேர்க்கவில்லை’ என்று கொன்சோல் காட்டும் பட்டியலில் வேறு சைட்டிலிருந்து எடுத்து ஒட்டிய செய்தியும் வேலைவாய்ப்பு அறிவித்தலும் நிறைய இருக்கும். மறுபடி மறுபடி இன்டெக்ஸ் கேட்டுப் பிரயோசனமில்லை. உங்களிடம் மட்டும் இருக்கும் தகவலைச் சேருங்கள், இல்லையென்றால் அழியுங்கள்.

வேகத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் எடுத்த 4 எம்பி படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP என்ற பட வடிவம்) ஆக்குங்கள். முதல் திரையில் வரும் படத்துக்கு லேஸி லோட் (உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்குவது) வேண்டாம். ஒரே தமிழ் எழுத்துரு, அதில் இரண்டு தடிப்பு போதும். பெரிய படமோ பந்தியோ 2.5 செக்கனுக்குள் வந்தால் கூகுளின் அளவுகோலில் நல்லது.

கடைகளுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் (தேடலிலும் மெப்பிலும் தெரியும் கடை விபரம்) சைட்டைவிட முந்தி உதவும். பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே போடுங்கள். பின்னால் ‘மலிவு விலை மட்டக்களப்பு’ என்று ஒட்டினால் கணக்கு முடங்கக்கூடும். ஜும்ஆவுக்குப் பூட்டுகிற கடை வெள்ளிக்கிழமை நேரத்தை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும்.

நீங்கள் எழுதாத சூதாட்டப் பக்கங்களோ ஜப்பானிய எழுத்துகளோ உங்கள் பெயரில் தேடலில் வந்தால் சைட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டது. இலவசமாகக் கிடைத்த திருட்டு ‘தீம்’ (சைட்டின் தோற்றத்தைத் தரும் வார்ப்பு) இதற்கு வழக்கமான வாசல். நீங்கள் திறந்து பார்க்கும்போது அந்தப் பக்கங்கள் ஒளிந்துகொள்ளும்; கொன்சோலில் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்தால்தான் கூகுள் காண்பதை நீங்களும் காண்பீர்கள். தெரியாத நிர்வாகிகளை வேர்ட்பிரஸ்ஸிலிருந்தும், தெரியாத உரிமையாளர்களையும் சைட்மெப்புகளையும் (பக்கப் பட்டியல் கோப்புகள்) கொன்சோலிலிருந்தும் நீக்குங்கள், ‘தீம்’ஐ மாற்றுங்கள், கடவுச்சொற்களை எல்லாம் புதிதாக்குங்கள். அந்த முகவரிகள் தேடலிலிருந்து முழுதாக மறைய வாரக்கணக்கில் ஆகலாம். அவை 404 கொடுக்கின்றனவா என்பதை மட்டும் இடைக்கிடை பார்த்துக்கொண்டால் போதும்.