உருட்டாத பீயுருட்டி

போன செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் நமாக்குவாலாந்துக்குப் பூ பார்க்கப் போனேன். கடற்கரைப் பக்கம் ஒரு மணல் தடத்தில் கார் புதைந்துவிட்டது. டயரில் காற்றைக் குறைக்காமல் இறங்கியது என் தப்புதான். உதவிக்கு வர ஒத்துக்கொண்ட பண்ணைக்காரர், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். சரி என்று கார் நிழலில் உட்கார்ந்தேன்.

காலடியில் ஒரு கறுப்பு வண்டு. பார்த்ததுமே நம்மூர் பீயுருட்டிக்குச் சொந்தம் என்று தெரிந்தது. ஆனால் உருண்டையைக் காணோம். காய்ந்த புழுக்கை ஒன்றைப் பின்னங்கால்களில் இடுக்கிக்கொண்டு தரதரவென்று இழுத்துப் போனது. பீயுருட்டி தலைகீழாக நின்று பின்பக்கமாகத்தானே தள்ளும்? இது முன்னால் பார்த்து நடந்தது.

பேக்கிசோமா என்ற பேரினம். இதில் 13 வகை உண்டு. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மேற்குக் கரையோர மணலில்தான் வாசம். முதுகு ஓடு ஒட்டிப்போனதால் ஒன்றுக்கும் பறக்க வராது. உருட்டுவதற்கு ஈரச் சாணி வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் காய்ந்த புழுக்கையும் சருகுத் தூளும். அதைக் கொண்டுபோய் அடிமணலின் ஈரத்தில் புதைத்துவைத்தால் பதமாகிவிடும். கருவாட்டை ஊறப்போடுவது மாதிரி.

ஒரு புழுக்கை போதாது. துளைக்குள் போட்டுவிட்டு மறுபடி கிளம்பியது. நான் எண்ணிய வரை ஆறு நடை. தேடிப் போகும்போது குடிகாரன் மாதிரி கோணல்மாணலாக அலையும். கிடைத்ததும் நூல் பிடித்தாற்போல துளைக்கே திரும்பும். போன திசையையும் தூரத்தையும் உள்ளுக்குள்ளேயே கூட்டிக் கழித்து வைத்துக்கொள்கிறது.

இந்தப் பேரினத்தில் சில வகைகள் குதிரை மாதிரி பாயுமாம். ஒரு ஜோடிக் காலைச் சேர்த்து வைத்து, அப்புறம் அடுத்த ஜோடி. 2013-இல்தான் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், பாய்ந்தாலும் வேகம் ஒன்றும் கூடுவதில்லை. எண்ணி வைக்கிற அடி தப்பாமல் இருக்கத்தான் அந்த நடையோ என்று ஒரு யூகம். என் வண்டு பாயவில்லை, சாதாரணமாகத்தான் நடந்தது.

பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து பின்பக்கம் கயிறு கட்டப் போனார். துளை பின்சக்கரத்துக்கு நாலடி தள்ளி இருந்தது. முன்னால் கட்டி இழுக்க முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கயிற்றை மாற்றிக் கட்டினார். கார் இன்னும் அரையடி புதைந்தது.